மறுவிற்பனை விடுமுறைப் புள்ளிகள்

ஒருவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் விடுமுறை விடுதிப் பங்கை, விடுதி நிறுவனத்திடம் போகாமல் அவரிடமிருந்தே வாங்குவது மறுவிற்பனை. அமெரிக்காவில் இந்தப் பங்குகளுக்கு டைம்ஷேர் என்று பெயர். தமிழ்நாட்டிலும் அந்தச் சொல் புதிதல்ல. 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானல், ஊட்டி விடுதிகளைக் காட்டி அதை நடுத்தரக் குடும்பங்களிடம் கொண்டுவந்தது. பழைய முறையில் ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட வாரம் உரிமையாளருடையது. புள்ளி முறையில் வாரத்துக்குப் பதில் ஆண்டுதோறும் ஒரு தொகைப் புள்ளிகள் கணக்கில் வரும். எந்த நாள், எந்த அறை, எத்தனை இரவு என்பதைப் பொறுத்து அவை செலவாகும்.

மறுவிற்பனைச் சந்தை நன்றாக வேரூன்றியிருப்பது டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில். பல டைம்ஷேர்கள் இரண்டாம் கைக்குப் போகும்போது விலை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது; ஒரு டாலருக்குக் கொடுத்தாலும் பராமரிப்புக் கட்டணத்துக்கு அஞ்சி யாரும் எடுப்பதில்லை. டிஸ்னி புள்ளிகள் விலை நிற்கின்றன. அதனால்தான் அங்கே பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை அந்தக் கிளப்பை வைத்தே மறுவிற்பனையை விளக்குகிறது.

வாங்குவது எதை?

கிளப்பின் முதல் விடுதி 1991 டிசம்பரில் புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் திறந்தது. இன்று அதன் பெயர் ஓல்ட் கீ வெஸ்ட். தொடக்கம் முதலே புள்ளி முறைதான். ஆனால் புள்ளி என்ற சொல் ஒன்றை மறைத்துவிடுகிறது. அங்கே கைமாறுவது நிலம் சார்ந்த உரிமை. இன்ன விடுதியின் இன்ன கட்டடப் பகுதியில் இத்தனை சதவீதம் பிரிக்கப்படாத பங்கு என்று பத்திரம் எழுதி, அந்த மாவட்டப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். புளோரிடாவில் இதற்கென்றே 721ஆம் அத்தியாயம் என்ற சட்டம் இருக்கிறது. பங்கு எந்த விடுதியில் இருக்கிறதோ அது வாங்கியவரின் தாய்விடுதி. அங்கே 11 மாதம் முன்பே அறை பதியலாம். மற்ற விடுதிகளில் 7 மாதம் முன்புதான். டிசம்பர் கூட்டத்தில் பீச் கிளப் விடுதியில் தங்க ஆசைப்படுகிறவர் விலை மலிவென்று வேறு விடுதியில் பங்கு வாங்கினால், அந்த நான்கு மாத இடைவெளியில் அறைகள் போய்விடும்.

இந்த உரிமை நிரந்தரமானதல்ல. குத்தகை நிலத்தில் கட்டிய வீடுபோல, குறித்த நாளில் முடிந்துவிடும். ஓல்ட் கீ வெஸ்ட், போர்டுவாக், பீச் கிளப், போல்டர் ரிட்ஜ், வீரோ பீச், ஹில்டன் ஹெட் ஆகியவற்றின் ஒப்பந்தங்கள் 2042 ஜனவரி 31 அன்று முடிகின்றன. சரட்டோகா ஸ்பிரிங்ஸ் 2054, அனிமல் கிங்டம் 2057, பே லேக் டவரும் கலிபோர்னியாவின் கிராண்ட் கலிபோர்னியனும் 2060, ஹவாயின் ஔலானி 2062, கிராண்ட் புளோரிடியன் 2064, பாலினீசியன் 2066, காப்பர் கிரீக் 2068, ரிவியரா 2070. ஓல்ட் கீ வெஸ்டில் மட்டும் ஒரு கிளைக்கதை உண்டு. சில உரிமையாளர்கள் கூடுதல் பணம் கட்டித் தங்கள் ஒப்பந்தத்தை 2057 வரை நீட்டித்துக்கொண்டார்கள். ஒரே விடுதி, ஒரே மாதிரி அறை, ஆனால் இரண்டு வகைப் பத்திரங்கள் சந்தைக்கு வருகின்றன. விளம்பரத்தில் பெயரை மட்டும் பார்த்து விலை சொல்லக் கூடாது.

ஆகவே வாங்குபவர் உண்மையில் வாங்குவது மீதமிருக்கும் ஆண்டுகளை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2042இல் முடியும் புள்ளி ஒன்று 80 டாலர், 2054இல் முடிவது 98 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2026இல் வாங்குகிறவருக்கு முதலாவதில் 16 ஆண்டுகள். புள்ளிக்கு ஆண்டொன்றுக்கு 5 டாலர் விழுகிறது. இரண்டாவதில் 28 ஆண்டுகள். 3 டாலர் 50 காசுதான். மலிவாகத் தோன்றியது மலிவில்லை. இதோடு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் கூட்ட வேண்டும். அது விடுதிக்கு விடுதி மாறும், ஆண்டுக்கு ஆண்டு ஏறும், ஒப்பந்தம் முடியும்வரை விடாது. வீரோ பீச் புள்ளிகள் விலை குறைவாகக் கிடைப்பதற்கு அங்கே கட்டணம் அதிகம் என்பது முக்கியக் காரணம். ஔலானியில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. 2011இல் கட்டணத்தைத் தவறாகக் குறைத்துக் கணக்கிட்டுவிட்டதால் விற்பனையையே சில காலம் நிறுத்தினார்கள். அதற்கு முன் வாங்கியவர்களுக்கு நிறுவனமே ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டு குறைந்த கட்டணத்தைத் தொடர்ந்தது. அத்தகைய ஒப்பந்தம் சந்தைக்கு வந்தால் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு.

இரண்டாம் கைக்கு வராதவை

புள்ளி கைமாறும்போது சில சலுகைகள் பழைய உரிமையாளரோடே நின்றுவிடும். 2011 மார்ச் 21 முதல் மறுவிற்பனையில் வாங்கிய புள்ளிகளைக் கொண்டு டிஸ்னி கப்பல் பயணமோ, கிளப்புக்கு வெளியே உள்ள டிஸ்னி ஹோட்டல்களோ பதிய முடியாது. 2016 ஏப்ரலில் உறுப்பினர் தள்ளுபடிகள், சிறப்பு ஓய்வறைகள் ஆகியவையும் நின்றன. அவை வேண்டுமென்றால் நிறுவனத்திடமே நேரடியாகக் குறைந்தபட்சப் புள்ளிகள் வாங்க வேண்டும், இப்போது அது 150.

இவை சிறு இழப்புகள். பெரிய வரப்பு 2019 ஜனவரி 19 அன்று போடப்பட்டது. அன்றுமுதல் பழைய 14 விடுதிகளின் புள்ளியை மறுவிற்பனையில் வாங்குகிறவர் அந்த 14க்குள்தான் மாறிக்கொள்ளலாம். ரிவியராவுக்கும் அதன் பின் வந்த புதிய விடுதிகளுக்கும் போக முடியாது. ரிவியரா புள்ளியை மறுவிற்பனையில் வாங்குகிறவரோ ரிவியராவில் மட்டுமே தங்கலாம். இன்னும் 40 ஆண்டுக்கு மேல் ஆயுள் உள்ள ரிவியரா புள்ளி, நிறுவனம் விற்கும் விலையைவிட மிகவும் இறங்கி இரண்டாம் கையில் கிடைப்பது இதனால்தான். ஆண்டுதோறும் அதே விடுதிக்குப் போவதில் மகிழ்பவருக்கு இது நல்ல வாய்ப்பு. ஊர் மாற்றிப் பார்க்க விரும்பும் குடும்பத்துக்கு அது கூண்டு.

ஒரு விளம்பரத்தைப் படிக்கும் விதம்

விற்பனை விளம்பரத்தில் விடுதிப் பெயர், ஆண்டுப் புள்ளி எண்ணிக்கை, பயன்பாட்டு ஆண்டு, கையிருப்புப் புள்ளிகள், புள்ளிக்கு இத்தனை டாலர் என்ற விலை இருக்கும்.

பயன்பாட்டு ஆண்டு என்பது புதிய புள்ளிகள் கணக்கில் விழும் மாதம். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் என எட்டு உண்டு. விழுந்த புள்ளியை அந்த ஆண்டின் முதல் எட்டு மாதத்துக்குள் அடுத்த ஆண்டுக்குச் சேமித்து வைக்கலாம்; தவறினால் ஆண்டு முடிவில் காலாவதி. அடுத்த ஆண்டுப் புள்ளியை முன்கூட்டி எடுத்தும் செலவழிக்கலாம். ஜூன், ஜூலை விடுமுறையில் மட்டும் போகக்கூடிய குடும்பம் ஜூன் பயன்பாட்டு ஆண்டை எடுத்தால், ஏதோ காரணத்தால் பயணம் நின்றாலும் சேமித்து வைக்க மாதங்கள் மிச்சமிருக்கும். ஆகஸ்ட் ஆண்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஜூலையில் பயணத்தை ரத்துசெய்தால் புள்ளிகள் வீண். ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர் அதே பயன்பாட்டு ஆண்டில், அதே பெயர்களில் வாங்குவது நல்லது. எல்லாம் ஒரே உறுப்பினர் எண்ணில் சேரும்.

கையிருப்புதான் பேரத்தின் உயிர்நாடி. சென்ற ஆண்டுப் புள்ளியும் சேமிப்பில் இருந்தால் நிறைந்த ஒப்பந்தம். விற்பவர் அடுத்த ஆண்டுப் புள்ளியையும் முன்கூட்டி எடுத்துச் செலவழித்துவிட்டிருந்தால் வறண்ட ஒப்பந்தம்; வாங்கியவர் ஓராண்டோ இரண்டாண்டோ காத்திருக்க வேண்டும். வித்தியாசத்தை டாலரில் சொல்லலாம். 160 புள்ளி ஒப்பந்தம். உரிமையாளர்கள் தங்கள் புள்ளியை வாடகைக்கும் விடுவதுண்டு, அதில் புள்ளிக்கு 18 டாலர் கிடைக்கும், ஆண்டுக் கட்டணம் புள்ளிக்கு 9 டாலர் என்று எடுத்துக்கொள்வோம். ஓராண்டுப் புள்ளியின் மதிப்பு 2,880 டாலர். அந்த ஆண்டின் கட்டணத்தை விற்பவரே கட்டியிருந்தால் முழு மதிப்பும் வாங்குபவருக்கு லாபம். வாங்குபவர் கட்டினால் 1,440 டாலர். ஓராண்டுப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதற்காகவே புள்ளிக்கு 9 முதல் 18 டாலர் வரை விலை கூட்டவோ குறைக்கவோ காரணம் இருக்கிறது. சொல்லும் விலையை மட்டும் ஒப்பிடுகிறவர் இதைத் தவறவிடுவார்.

விலை கேட்பது

விற்பவர் ஒரு விலை சொல்கிறார், வாங்குபவர் ஒரு விலை கேட்கிறார், நடுவில் உரிமம் பெற்ற தரகர் நிற்கிறார். தரகுக்கூலியை விற்பவர் தருவது வழக்கம். எனவே விற்பவர் மனத்தில் ஓடுவது கைக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கு. அவர் மேல் கடன் பாக்கியும் இருக்கலாம். பத்திரம் முடிக்கும்போது அதை அடைத்தாக வேண்டும். கடனும் கூலியும் போக ஒன்றும் மிஞ்சாத விலையைக் கேட்டால், அவர் எவ்வளவு விரும்பினாலும் சம்மதிக்க வழியில்லை. கடன் இருக்கிறதா என்று தரகரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது இருவர் நேரத்தையும் காக்கும்.

கேட்பில் விலை ஒன்று மட்டும் இருந்தால் அது அரைகுறைக் கேட்பு. பத்திரச் செலவு யாருடையது, நடப்பு ஆண்டுக் கட்டணம் யாருடையது, எந்தெந்த ஆண்டின் எத்தனை புள்ளிகள் கைமாறும், எப்போது முடிப்பது என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். புள்ளிக்கு 100 டாலர் கேட்டு எல்லாச் செலவையும் தானே ஏற்பவரும், 109 கேட்டு நடப்பாண்டுக் கட்டணத்தை விற்பவரே ஏற்கச் சொல்பவரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவதில் விற்பவருக்குப் பெரிய எண் தெரிகிறது. மாறாக, ஜனவரியில் வரும் கட்டணச் சீட்டைக் கட்ட விரும்பாமல் விற்கிறவருக்கு, அதை நான் ஏற்கிறேன் என்ற ஒரு வரி புள்ளிக்குச் சில டாலருக்குச் சமம்.

எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்பதற்கு விதி இல்லை. அதே விடுதியில் அண்மையில் முடிந்த விலைகள்தான் அளவுகோல். சிறிய ஒப்பந்தங்களில் புள்ளி விலை உயர்ந்தே இருக்கும். 50 புள்ளிக்கு வாங்க ஆள் அதிகம், பத்திரச் செலவோ 300 புள்ளிக்கு ஆவதைவிடப் பெரிதாகக் குறையாது. பெரிய ஒப்பந்தங்களில்தான் பேரம் படியும். இந்தப் பங்குகள் பெரும்பாலும் குழந்தைகள் வளர்ந்துவிட்டதாலோ, வேலை போனதாலோ, மரணத்தாலோ, மணமுறிவாலோ விற்பனைக்கு வருகின்றன. பாதி விலைக்குப் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று அனுப்பும் கேட்புகள் அப்படிப்பட்ட ஒருவரைப் புண்படுத்தும். பின்னர் நியாயமான விலை சொன்னாலும் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். கணக்கோடு கேட்டால் குறைந்த விலையும் மரியாதையான விலையே. இந்தப் புள்ளிகள் கரைந்துவிட்டன, இத்தனை ஆண்டு மிச்சம், ஆகவே இந்த விலை என்று காரணம் சொல்லி, பதிலுக்கு நாள் கொடுத்துக் கேட்க வேண்டும். விற்பவர் மறுவிலை சொன்னால் அது மறுப்பல்ல, பேச்சு தொடர்கிறது என்று பொருள்.

டிஸ்னியின் 30 நாள்

இருவரும் கையெழுத்திட்டு, வழக்கமாக 10 சதவீத முன்பணம் பத்திரம் முடிக்கும் நிறுவனத்தின் காப்புக் கணக்கில் போனபின்னும் பேரம் முடிந்துவிடவில்லை. ஒப்பந்தம் டிஸ்னிக்குப் போகிறது. அதே விலைக்கு, அதே நிபந்தனைகளில் அந்தப் பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை நிறுவனத்துக்கு உண்டு; முடிவெடுக்க 30 நாள். அது எடுத்துக்கொண்டால் விற்பவருக்குப் பேசிய பணம் கிடைக்கும், வாங்க நினைத்தவருக்கு முன்பணம் திரும்பும், போனது காலம் மட்டுமே. இதற்கு அஞ்சி விலையை ஏற்றிக் கேட்பவர்கள் உண்டு. அது தேவையற்ற அச்சம். இழந்தால் இன்னொரு ஒப்பந்தம் வரும், கூடுதலாகக் கொடுத்த பணம் வராது. இன்னும் மோசமானது, முன்னுரிமையைத் தாண்டுவதற்காகத் தாளில் ஒரு விலையும் கையில் ஒரு விலையும் வைப்பது. அது மோசடி, அந்த வழிக்கே போகக் கூடாது.

டிஸ்னி விலகிக்கொண்டால், அந்தப் பங்கின் மீதான பாக்கி, கையிருப்பு ஆகியவற்றை உறுதிசெய்யும் சான்றை அது தரும். நம் வில்லங்கச் சான்றிதழ்போல இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன புள்ளிகளும் இதில் வரும் புள்ளிகளும் ஒத்துப்போகாவிட்டால் பணம் கட்டும் முன்னரே பேசித் தீர்க்க வேண்டும். விற்பவர் அமெரிக்கர் அல்லர் என்றால் விலையில் 15 சதவீதத்தை வரிக்காகப் பிடித்துவைக்கும் கூட்டரசுச் சட்டம் பொருந்தக்கூடும். பிடித்தம் செய்யும் பொறுப்பு வாங்குபவருடையது என்பதால் பத்திர நிறுவனத்திடம் இதை எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. புளோரிடாவில் பத்திரத்துக்கு 100 டாலருக்கு 70 காசு முத்திரை வரியும் உண்டு.

நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால் மனம் மாறிக் கைவிடப் புளோரிடாச் சட்டம் 10 நாள் தருகிறது. விளக்கக் கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு நேரடியாக வாங்கியவர்கள் அந்த நாள்களுக்குள் மறுவிற்பனை விலையைப் பார்த்துக்கொள்வது நலம்.

முழுப் பணமும் கட்டி, பத்திரம் பதிவான பின் டிஸ்னி புதிய உறுப்பினர் எண் தந்து புள்ளிகளைக் கணக்கில் ஏற்றுகிறது. கேட்பு ஏற்கப்பட்ட நாளிலிருந்து இதற்கு இரண்டு மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொண்டே பயணத்தைத் திட்டமிட வேண்டும். கணக்கு திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, சேமிப்புக் கெடு நெருங்கும் புள்ளி ஏதும் உள்ளே இருக்கிறதா என்பதைத்தான்.