முகமூடியில்லாத வீரன்



வரலாறு என்றவுடன் அரசரும் போரும் உடன்படிக்கையும் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் சொல்ல வந்த வரலாறு அவ்வகையினதன்று. கையிற் காசில்லாத கல்லூரி மாணவர் சிலர், தாம் சிறுவயதிற் கண்டு வியந்த ஒரு வீரனைத் தாமே படம்பிடிக்க முற்பட்ட வரலாறு அது. அம்முயற்சி எவ்வாறு நடந்தது, அதனால் விளைந்தது யாது என்பதை ஒருவாறு ஆராய்வோம். அதற்கு முன் என் சொந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும். இப்பொருளில் நான் நடுநிலையாளன் அல்லேன், முயன்று தோற்றவன்.

1988ஆம் ஆண்டு நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தேன். விடுதி நண்பர் ஐவர் கூடி, 'இரும்புக்கை மாயாவி'யைப் படமாக்குவது என்று முடிவு செய்தோம். 1962இல் இங்கிலாந்தில் தோன்றிய அந்தப் படக்கதை நாயகன், 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழ் வழியாகத் தமிழுக்கு வந்தவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். நாயகனே தெரியாத படத்திற்குச் செலவு ஏது என்பது எங்கள் கணக்கு. திருமணங்களைப் படம்பிடிக்கும் ஒருவரிடம் இரண்டு மாலைப்பொழுதுகளுக்குக் கருவியை இரவல் வாங்கினோம். ஒரு கையுறைக்கு அலுமினியப் பூச்சுப் பூசினோம். கறுப்புத் திரைக்கு முன்னே கறுப்புப் போர்வை போர்த்தியவன் கையை நீட்டினால், கை மட்டும் அந்தரத்தில் மிதப்பதுபோல் தோன்றிற்று. அந்தக் காட்சியைச் சிறு திரையில் முதன்முதற் கண்டபோது நாங்கள் கூவிய கூச்சலில் விடுதிக் காப்பாளர் ஓடி வந்தார்.

ஆயினும் படம் முடியவில்லை. முகம் தெரியாத நாயகனாக நடிக்க எவரும் விரும்பவில்லை; வில்லனாக நடிக்க நால்வர் போட்டியிட்டனர். மூன்றாம் நாள் மனவேறுபாடு முற்றிக் கலைந்தோம். நாடாவைத் திருப்பிக் கேட்கச் சென்றபோது, அதன்மீது ஒரு வளைகாப்பு பதிவாகியிருந்தது.

பின்னாளில் வரலாறு கற்பிக்கும் பணியில் அமர்ந்தபின், இவ்வாறே தொடங்கிய பிறர் என்ன செய்தனர் என்று தேடலானேன். இத்தகைய படங்களை இப்போது 'ரசிகர் படம்' என்கின்றனர். பிறர் படைத்த கதைமாந்தரைக் கொண்டு, ஊதியம் கருதாது, அன்பினால் எடுக்கப்படும் படம் என்பது அதன் பொருள். இதன் வரலாறு நாம் நினைப்பதினும் பழையது. அமெரிக்காவில் டொனால்ட் கிளட் என்பவர், சிறுவனாக இருந்த 1953 முதல் 1969 வரை இவ்வாறு 41 சிறு படங்களை எடுத்தார். அவற்றுள் கடைசிப் படத்தின் நாயகன் சிலந்தி மனிதன். எனினும், கல்லூரித் தோழமையையும் வறுமையையும் வேட்கையையும் ஒருங்கே காண விரும்புவோர் ஜப்பான் நாட்டு ஒசாகாவுக்குச் செல்ல வேண்டும்.

1966ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் 'அல்ட்ராமேன்' என்னும் தொடர் தொடங்கிற்று. அதைப் படைத்தது, 1954இல் வெளிவந்த 'காட்சில்லா' படத்தின் தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயாவின் நிறுவனம். அல்ட்ராமேன் விண்ணிலிருந்து வந்தவன். 40 மீட்டர் உயரமுள்ளவன். வெள்ளியும் சிவப்புமான மேனியன். நம் உலகில் அவனால் ஏறத்தாழ மூன்று நிமிடமே போரிட முடியும். நேரம் குறையும்போது அவன் மார்பிலுள்ள விளக்கு சிவந்து மின்னத் தொடங்கும். ஆற்றல் மிக்கவனுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதே அக்கதையின் உயிர்நிலை. அதைக் கண்டு வளர்ந்த சிறுவருள் ஒருவர், 1960இல் யமாகுச்சி மாநிலத்து ஊபே நகரிற் பிறந்த ஹிடேயாகி அன்னோ.

1980இல் அன்னோ ஒசாகா கலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஹிரோயுகி யமாகா, தகாமி அகாய் என்னும் இருவர் அவருக்கு உடன் மாணவராக வாய்த்தனர். மாணவராக இருந்த அந்நாட்களில் அன்னோ, 8 மில்லிமீட்டர் படச்சுருளில் அல்ட்ராமேனைப் பற்றிய குறும்படங்களை எடுத்தார். வீரனாகத் தாமே நடித்தார். முகமூடி இல்லை. வீரனின் உடலுக்கு மேல் அந்த மாணவரின் சொந்த முகமே இருந்தது.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். அக்காலத்து 8 மில்லிமீட்டர்ச் சுருள் ஒன்றின் நீளம் 15 மீட்டர். அதில் அடங்குவன ஏறத்தாழ 3,600 படங்கள். நொடிக்கு 18 படங்களாக ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடியில் சுருள் தீர்ந்துவிடும். வீரனுக்கு வாய்த்த நேரமும் ஏழை மாணவனின் ஒரு சுருளுக்கு வாய்த்த நேரமும் ஏறத்தாழ ஒன்றே! சுருளுக்கும் காசு, அதைக் கழுவி எடுப்பதற்கும் காசு என்னும்போது, ஒவ்வொரு நொடியும் எண்ணிச் செலவிட வேண்டியதாகிறது. எங்களுக்கோ நாடாவை அழித்து அழித்து எடுக்கும் வசதி இருந்தது. அதனால்தான் போலும், எதை எடுப்பது என்று நாங்கள் எண்ணிப் பார்க்கவேயில்லை.

மற்றொரு கணக்கும் உண்டு. மேசையிலிருந்து விழும் கல் கண்ணிமைப்பில் தரையை அடைகிறது. கோபுரத்திலிருந்து விழும் கல்லுக்கு நேரம் ஆகிறது. உயரம் 25 மடங்கானால் விழும் நேரம் 5 மடங்காகும் என்பது நீங்கள் பௌதிக வகுப்பிற் படித்ததே. 1.6 மீட்டர் உயரமுள்ள மனிதன் 40 மீட்டர் வீரனாகத் தோன்ற வேண்டுமாயின், அவன் விழுவதையும் அவனால் இடிந்து சிதறும் கட்டடங்களையும் 5 மடங்கு மெதுவாக்கிக் காட்ட வேண்டும். அதற்காகச் சுருளை விரைவாக ஓட்டிப் படம்பிடித்து, வழக்கமான வேகத்தில் திரையிடுவர். சண்டையின் விறுவிறுப்புக் குன்றாதிருக்க இக்கணக்கைச் சற்றே தளர்த்திக்கொள்வதும் உண்டு. கருவியைத் தரையோடு தரையாக வைத்து அண்ணாந்து நோக்கச் செய்வது மற்றொரு முறை. இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டா. பார்த்த படத்தை நூறுமுறை பார்த்து, 'இஃது எவ்வாறு செய்யப்பட்டது?' என்று கேட்கும் மனம் வேண்டும்.

1981ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் ஜப்பானிய அறிவியற் புனைகதை அன்பர்களின் 20ஆம் மாநாடு ஒசாகாவில் நடைபெற்றது. அதன் தொடக்கத்தில் திரையிட ஓர் அனிமேஷன் படம் வரையும் பணி இம்மூவரிடம் வந்தது. அமைப்பாளருள் முதன்மையானோர் டோஷியோ ஒகாடா, யசுஹிரோ டகேடா என்னும் இருவர். முறைப்படி ஓவியம் தீட்டுதற்குரிய செல்லுலாய்டுத் தாள்கள் விலை மிகுந்தவை; ஆகவே வினைல் தாளை மொத்தமாக வாங்கி வெட்டிக்கொண்டனர். ஓவியத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருந்துவதற்கெனத் தனிக் கருவி உண்டு. அஃதும் இல்லாமையால், அலுவலகங்களிற் கோப்புக்குத் துளையிடும் சாதாரணக் கருவியையே பயன்படுத்தினர். வேலை நடந்த இடம் ஒகாடாவின் வீடு. ஐந்து நிமிட அளவே ஓடும் அப்படம் மாநாட்டில் பெரும் வியப்பை விளைத்தது. அதன்பின் 'டைகான் ஃபிலிம்' என்னும் பெயரில் அவர்கள் ஒரு குழுவாகத் தொடர்ந்து இயங்கலாயினர்.

அக்குழு 1983இல் முடித்த ரசிகர் படமே நம் வரலாற்றின் நடுநாயகம். 'திரும்பி வந்த அல்ட்ராமேன்' என்பது அதன் பெயர். 1971இல் ஒளிபரப்பான தொடர் ஒன்றின் பெயரையே அவர்கள் அதற்குச் சூட்டினர். அரைமணிக்குச் சற்றுக் குறைவாக ஓடும் அப்படத்தின் கட்டடங்களும் ஊர்திகளும் பெரும்பாலும் காகிதத்தால் ஆனவை. கதையோ சிறுபிள்ளைத்தனமானதன்று. ஒரு நகரில் விண்வெளி அரக்கன் தோன்றுகிறான். அவனை அழிக்க நகரின்மீதே அணு ஆயுதத்தை ஏவலாம் என்று மேலிடம் கருதுகிறது. அது தகுமா என்று காவற்படைக்குள்ளே கடும் வாக்குவாதம் எழுகிறது. 1945இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் கண்ட கொடுமையை அறிந்த நாட்டில், இவ்வினா வெறும் கற்பனை வினாவாகாது. காகித நகரத்தைக் கொண்டு அம்மாணவர் அதை எழுப்பினர்.

இறுதியில் வீரன் தோன்றுகிறான். அப்போதும் முகமூடி இல்லை. வெள்ளியும் சிவப்புமான மேற்சட்டை அணிந்த அன்னோவே நிமிர்ந்து நிற்கிறார். முதன்முறை அதைக் கண்டபோது நான் வாய்விட்டு நகைத்தேன். சிறிது நேரத்தில் நகைப்பு அடங்கிற்று. ஒளி விழும் கோணம், கை உயரும் விதம், புகை எழும் காலம் ஆகிய யாவும் அத்துணைத் துல்லியமாக அமைந்திருந்தமையால், அந்த முகம் ஒரு மாணவனின் முகம் என்பதையே மறந்துபோனேன். மறைக்க முடியாத குறையை மறைக்க முயலாமல், மற்ற அனைத்தையும் செம்மையாகச் செய்தனர். குறை தானே மறைந்தது.

இப்படமும் இடையூறின்றி முடிந்ததன்று. துல்லியத்தில் அன்னோ கொண்ட பிடிவாதத்தால் வேலை நீண்டுகொண்டே போயிற்று. ஒரு நிலையில் நண்பர்கள் அவரை இயக்குநர் பொறுப்பிலிருந்து விலக்கினர். எஞ்சியதை அகாய் ஏற்று முடித்தார். தான் கனவு கண்ட படத்திலிருந்து தன் தோழராலேயே விலக்கப்படுவது எத்துணைக் கசப்பானது என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தப் பிடிவாதம் இல்லையேல் படம் சிறந்திராது. அந்த விலக்கம் இல்லையேல் படம் முடிந்திராது. இரண்டு நியாயங்கள் மோதும்போது எது வெல்ல வேண்டும் என்பதற்குப் பொதுவிதி கிடையாது. ஆனால், அவர்கள் நட்பு அத்துடன் முறிந்துவிடவில்லை என்பது கருதத்தக்கது. இதே நிலையில்தான் நாங்கள் ஐவரும் கலைந்தோம்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். 1984இல் வெளிவந்த மியாசாகியின் 'நௌசிகா' படத்தில், உருகிச் சிதையும் பேருருவம் தோன்றும் கடினமான காட்சியை வரையும் பணி அன்னோவுக்குக் கிட்டிற்று. அவ்வாண்டு டிசம்பரில் டைகான் குழுவினர் 'கைனாக்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். 1987இல் அவர்களின் முதல் முழுநீளப் படம் யமாகாவின் இயக்கத்தில் வெளியாயிற்று. 1995இல் அன்னோவின் 'எவாஞ்செலியன்' தொடர் உலகப் புகழ் பெற்றது. பிற்காலத்தில் அன்னோ அந்நிறுவனத்தினின்று பிரிந்தார். கைனாக்ஸ் கடன்சுமை தாங்காது 2024இல் நொடித்துப் போயிற்று. தோழமையில் தொடங்கும் யாவும் தோழமையிலேயே முடிவதில்லை என்பதையும் வரலாறு மறைக்காமற் கூற வேண்டும்.

2022ஆம் ஆண்டு மே திங்களில் 'ஷின் அல்ட்ராமேன்' என்னும் பெரும்படம் ஜப்பானில் வெளிவந்தது. இயக்கியவர் ஷின்ஜி ஹிகுச்சி. திரைக்கதை எழுதியவர் அன்னோ. கணினியால் உருவாக்கப்பட்ட அவ்வீரனின் உடலசைவுகளுக்குத் தம் அசைவுகளைத் தந்தவர் இருவர். ஒருவர், 1966இல் அல்ட்ராமேனின் உடைக்குள் நின்று நடித்த பின் ஃபுருயா. மற்றவர் அன்னோ. தம் முகத்தையே வீரனுக்கு ஈந்து நின்ற மாணவர், நாற்பது ஆண்டுகளுக்குப் பின், உண்மையான அல்ட்ராமேனின் உடலுக்குள் முகம் தெரியாமல் நின்றார்.

இத்தகைய படம் எடுப்போர் எல்லாரும் புகழ்பெறுவர் என்று நான் சொல்ல வரவில்லை. அன்னோ பல்கலைக்கழகப் படிப்பை நிறைவு செய்யவில்லை. அதையும் நீங்கள் பின்பற்ற வேண்டா. நான் சொல்ல விரும்புவது ஒன்றே. பிறர் படைப்பைப் போலச் செய்து பார்ப்பதை இழிவென்று கருதுவார் உளர். சிற்பியின் மகன் தந்தை செதுக்கிய தூணைப் பார்த்தே மற்றொரு தூண் செதுக்குகிறான். அதனை எவரும் திருட்டு என்பதில்லை. படைத்தவரின் உரிமையை மதித்து, விற்றுப் பொருள் சேர்க்காமல், கற்கும் நோக்குடன் செய்யும் போலச்செய்தல் ஒரு பயிற்சியே. ஆனால் அதை முடித்தால்தான் பயிற்சி. பாதியில் விட்டால் பொழுதுபோக்கு.

எங்கள் படத்தில் இறுதியாக மாயாவியின் கையாக இருக்க உடன்பட்டவன் எங்களுள் மிக அமைதியானவன். வில்லன் வேடத்திற்குப் போட்டியிடாத ஒருவனும் அவனே. அவன் இன்று இல்லை. இருண்ட திரையின் முன் மிதந்த அந்தக் கை மட்டும் என் நினைவில் இருக்கிறது. அந்த இரண்டு நிமிடக் காட்சியை இன்று காண இயலுமாயின், நான் எதையும் கொடுப்பேன். உங்கள் கையிலுள்ள தொலைபேசியிலேயே இன்று முழுப்படம் எடுத்துவிடலாம். சுருள் தீர்ந்துபோகும் அச்சம் உங்களுக்கு இல்லை. நண்பர்கள் தீர்ந்துபோவர் என்பதை மட்டும் மறவாதீர்கள். தொடங்கினால் முடியுங்கள், முடித்ததைப் பத்திரமாக வையுங்கள்.