பழவேற்காட்டுக் கல்லறைகளும் ரெம்பிராண்டின் இருளும்

காட்டுப்பள்ளி என்றால் இன்று பலருக்கும் துறைமுகமே நினைவுக்கு வரும். அக்கரையோரமாக வடக்கே சென்றால் பழவேற்காட்டை அடையலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் அங்கே ஜெல்டிரியா கோட்டையை எழுப்பியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் அதுவே. கோட்டை அழிந்துவிட்டது. எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும் வாயிலோடு, கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் எஞ்சியிருக்கிறது.

அங்குள்ள கல்லறைப் பலகைகளைச் சற்று உற்று நோக்குவோம். குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒரே கல், ஒரே நிறம். அவ்வாறாயின் கண் எதனைப் பற்றிக்கொண்டு படிக்கிறது? எழுத்தின் விளிம்பு வீழ்த்தும் மெல்லிய நிழலைத்தான். உச்சி வெயிலில் அந்நிழல் ஒடுங்கி, பலகை வெறும் கல்லாகிவிடுகிறது. காலையிலும் மாலையிலும் கதிர் சாய்ந்து விழும்போது பெயர்கள் எழுந்து நிற்கின்றன.

கல்வெட்டு ஆய்வாளர்கள் இதனை நன்கறிவர். அவர்கள் எடுக்கும் மைப்படியும் இதே நெறியில் அமைந்ததுதான். ஈரத்தாளைக் கல்லில் அழுத்தி மை ஒற்றும்போது, மேடான பகுதி கருமை ஏற்கும். பள்ளம் வெளுத்து நிற்கும். எனவே நம் கோயிற் கல்வெட்டுகளின் படியில் எழுத்து வெண்மையாகத் தெரியும். புடைப்பெழுத்துக் கொண்ட டச்சுப் பலகையைப் படியெடுத்தால் எழுத்தே கருமையாகும். எவ்வகையாயினும் கண்ணை இழுப்பது இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோடே.

இப்பலகைகளிற் பல செதுக்கப்பட்ட அதே நூற்றாண்டில், அந்தக் கம்பெனியின் தாயகத்தில் வாழ்ந்தவர் ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669). 1642இல் அவர் தீட்டிய 'இராக் காவல்' ஓவியத்தில் ஒரு பெருங்கூட்டமே நிற்கிறது. ஆயினும் நம் பார்வை முதலில் வெளிர்மஞ்சள் உடையணிந்த துணைத்தலைவரிடமும், பொன்னொளியில் நிற்கும் சிறுமியிடமும் செல்கிறது. கருப்புடைத் தலைவர் நீட்டிய கையின் நிழல், துணைத்தலைவரின் மேலங்கியில் விழுகிறது. அந்நிழலே இருவரையும் இணைக்கிறது. உண்மையில் அது இரவுக் காட்சியே அன்று. நாளடைவில் கருத்துப்போன மெருகெண்ணெய்ப் பூச்சால் அப்பெயர் வந்தது. 1940களில் பூச்சை அகற்றியபோது பகலொளி வெளிப்பட்டது.

இந்த இருளோவியர் நம் நாட்டு மரபையும் கண்டிருக்கிறார் என்பது வியப்புக்குரியது. ஏறத்தாழ 1656க்கும் 1661க்கும் இடையில், முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட படங்களை ஆசியத் தாளில் வரைந்தார். தரையில் விழும் நிழலை முகலாய ஓவியர் பெரும்பாலும் வரைவதில்லை. அரசனைக் கண் முதலில் காண வேண்டுமானால், தலைக்குப் பின் ஒளிவட்டம் இடுவர். பின்புலத்தை வெறுமையாக விடுவர். ரெம்பிராண்டோ அவ்வுருவங்களை வரையும்போது மெல்லிய மைப்பூச்சால் நிழல் சேர்த்தார். கண்ணை வழிநடத்தும் இருவேறு முறைகள் ஒரே தாளில் சந்தித்தன.

ஆனால் ஓவியன் தன் ஒளியைத் துணியிலேயே நிறுத்திவிடுகிறான். கல்தச்சன் அதனைக் கதிரவனிடம் ஒப்படைத்துச் செல்கிறான். விளிம்பு கூர்மையாக இருக்கும்வரைதான் நிழல் உண்டு. நிழல் உள்ளவரைதான் பெயர் உண்டு. உப்புக்காற்று அவ்விளிம்பை மழுக்க மழுக்க, கல் இருந்தும் செய்தி மறையும். ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, சென்னை மாகாணத்து டச்சு நினைவுச்சின்னங்களை வரைபடங்களுடன் 1897இல் நூலாக வெளியிட்டதன் அருமை இங்கே புலனாகும்.

பழவேற்காடு செல்லும் அன்பர்கள் நண்பகலைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். எழுத்தைத் தெளிவாக்கச் சுண்ணக்கட்டி தேய்க்காதீர்கள். கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தாலே போதும். அவ்வொளியில் எடுக்கும் ஒவ்வொரு படமும், தேய்ந்துவரும் ஒரு பெயருக்கு நாம் எழுதிவைக்கும் படியாகும்.