குழல் ஓர் ஊர், குதிரை ஓர் ஊர்

தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 1991-ல் நாகப்பட்டினம் தனி மாவட்டமான பிறகு சில காலம், அப்படி ஒப்படைத்தவற்றின் பதிவேடு என் மேசையில் இருந்தது. கீழ்வேளூர்ப் பக்கத்து மிராசு வீடுகளிலிருந்து வருபவை பெரும்பாலும் தாத்தா காலத்துச் சாமான். வயலில் கொக்கும் நாரையும் சுட்டவை. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பரணுக்குப் போனவை.

அதில் ஒன்று. குழலில் பர்மிங்காம் சோதனை முத்திரை, தேய்ந்துபோய். குதிரை உள்ளூர்க் கொல்லர் அடித்தது. அரம் போட்ட கோடுகூட அழியவில்லை. கட்டை பூவரசு. குழலையும் கட்டையையும் பிடித்திருந்த பித்தளைப் பட்டையைப் பார்த்தால், நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறையில் பழகிய கை என்று சொல்லிவிடலாம். பதிவேட்டில் ‘தயாரிப்பு’ என்றொரு கட்டம். அதில் என்ன எழுத?

அலுவலகத்தில் இதற்கு ஒரு வழி உண்டு: எஸ்.பி.எம்.எல். ஒற்றைக் குழல், வாய்வழியே மருந்து கெட்டிப்பது என்று அர்த்தம். யார் செய்தது என்ற கேள்வியே அதோடு போய்விடும். ஊரில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்பார்கள். காவல் நிலையத்தில் அதே சொல் கள்ளத் துப்பாக்கி வாடையோடு வரும். வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம் முதற்கொண்டு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். 1959 சட்டமும் அதையே சொல்கிறது. பிறகு எந்தக் கொல்லர் தன் பெயரைப் பொறிப்பார்?

இந்தப் பக்கத்தில் மிராசு வீட்டுத் துப்பாக்கியை வெறும் பழம்பொருளாகப் பேசிவிடவும் முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர்களைத் தாக்கக் கீழ்வெண்மணிக்குள் நுழைந்த மிராசுதாரர் ஆட்கள் கையில் துப்பாக்கி இருந்தது. குடிசைக்குள் எரிந்து செத்தவர்கள் 44 பேர்.

கலந்து கட்டிய ஆயுதம் தஞ்சைச் சீமைக்குப் புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் அரண்மனைக்குக் கட்டாரி செய்தவர்கள் அதைக் கூச்சமில்லாமல் செய்தார்கள். நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர்: ஐரோப்பிய வாள் அலகுக்குப் பஞ்சமில்லை. உடைந்த வாளின் அலகை வெட்டி, கைப்பிடியிலிருந்து நீளும் இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே செருகி, ஆணி அறைந்து இறுக்கிவிடுவார்கள். கிட்டத்தில் பார்த்தால் தெரியும்: அலகின் நடுவே ஓடும் பள்ளம் பட்டைக்கு அடியில் போய் மறையும். அதன் தொடர்ச்சி வேறொரு வாளில் இருந்தது. பிடியிலோ யாளி, கொடி, கிளி. கோயில் தூணில் பார்த்த அதே வேலைப்பாடு.

மராட்டியர் விரும்பிய நீள வாளுக்கும் இதே கதை. அலகு சீமையிலிருந்து வந்தது, பிடி இங்கே செய்தது. பெயர் மட்டும் ‘பிரங்கி’, அதாவது பறங்கி வாள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மன் வாள்களில் ‘ஓடும் ஓநாய்’ முத்திரைக்குப் பேர் இருந்ததால், ஓநாயை வேறு பட்டறைக்காரர்களும் தங்கள் அலகில் வெட்டிக்கொண்டார்கள். முத்திரையை நம்பிப் பெயர் வைத்தால் இந்தக் கதிதான்.

1855-ல் தஞ்சாவூரின் கடைசி மராட்டிய அரசர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கம்பெனி அரண்மனையை எடுத்துக்கொண்டது. ஆயுதசாலை கலைக்கப்பட்டது. நல்லவை என்று தோன்றியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. மீதி உடைக்கப்பட்டு, பழைய இரும்பாக விற்கப்பட்டது. சில கட்டாரிகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வரை போயிருக்கின்றன.

என் கட்சி இதுதான்: துண்டுகளைச் சேர்த்து ஆயுதமாக்கியவன் ஊர்தான் அதற்குப் பெயர். அந்தக் கட்டாரியைத் தஞ்சாவூர்க் கட்டாரி என்றுதான் அருங்காட்சியகங்களும் சொல்கின்றன. அலகு எந்த நாட்டுடையது என்பது அடுத்த வரி. அதே நியாயம் கீழ்வேளூர்க் கொல்லருக்கும் வேண்டும். பர்மிங்காம் குழல் மட்டும் கொடுத்தது. சுட வைத்தவர் இவர்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் தஞ்சாவூர் ஆயுதங்களின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். அலகின் பளபளப்பை விடுங்கள், ஆணியைப் பாருங்கள்.