எதிர்வரிசையில் பூட்டுக



நின்றுபோன கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்து, மீண்டும் பூட்டி முடித்தபின் மேசைமீது ஒரு திருகாணி மிஞ்சிக் கிடக்கக் கண்டு திகைக்காதவர் நம்மில் மிகச் சிலரே. கழற்றும்போது கை தானாகவே ஓடுகிறது. பூட்டும்போதோ அறிவும் பொறுமையும் ஒருங்கே துணைநின்றாலும் போதுவதில்லை. சக்கரவியூகத்துள் புகத் தெரிந்து மீளத் தெரியாது நின்ற அபிமன்யுவின் நிலை, சிறு கருவி ஒன்றைத் துடைக்க எண்ணிய எளிய மனிதனுக்கும் நேர்ந்துவிடுகிறது.

இத்தகைய இடருக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டில் 1949ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஒரு சிறு கைத்துப்பாக்கி, அதனை வாங்கியோரை 67 ஆண்டுகள் இவ்வாறு திகைக்க வைத்தது. அதன் காரணத்தை ஆராய்ந்தால், பொருளைச் செய்பவனுக்கும் அதனைப் பேணுபவனுக்கும் இடையே உள்ள தொலைவு நமக்குப் புலனாகும். ஆகவே அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

முதலில் தோட்டாவைப் பற்றிச் சில சொற்கள். பெரிய துப்பாக்கிகளுக்குரிய தோட்டாவின் அடிப்புறத்தில், நட்டநடுவே, பற்றவைக்கும் மருந்து அடங்கிய சிறு கிண்ணம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அதனைக் குத்தினால் தோட்டா வெடிக்கும். மற்றொரு வகைத் தோட்டாவில் இவ்வாறு தனிக்கிண்ணம் இல்லை. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு உட்குடைவாக மடிக்கப்பட்டு, அம்மடிப்பினுள்ளே மருந்து செலுத்தப்பட்டிருக்கும். ஊசி அவ்விளிம்பை நசுக்கிய கணமே மருந்து பற்றிக்கொள்ளும். இதனை விளிம்புவெடித் தோட்டா என்று நாம் அழைக்கலாம்.

பாரிஸ் நகரில் ஃப்ளோபேர் என்னும் துப்பாக்கித் தொழிலர் 1845ஆம் ஆண்டு வாக்கில் இதன் முன்னோடியைச் செய்தார். 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் இவ்வகைத் தோட்டாவுக்கென்றே ஒரு சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. ‘பாயிண்ட் 22 லாங் ரைஃபிள்’ என இன்றளவும் உலகெங்கும் வழங்கும் தோட்டா 1887இல் தோன்றியது. பாயிண்ட் 22 என்பது ஓர் அங்குலத்தை நூறு கூறாக்கி அவற்றில் 22 கூறு, ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர்.

நம் நாட்டிலும் இது அறியாப் பொருளன்று. 1948இல் நிறுவப்பெற்ற தேசிய மாணவர் படையில் பயின்றவர்கள் பெரும்பாலும் முதன்முதலில் தோளோடு அணைத்துச் சுட்ட துப்பாக்கி இத்தோட்டாவுக்குரியதே. 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் பெற்ற 25 மீட்டர் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியும், 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் பெற்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியும் இச்சிறு தோட்டாவைக் கொண்டே நடைபெறுபவை.

விலை மலிவு, ஓசை குறைவு, அதிர்ச்சி சிறிது. இவையனைத்தும் இதன் நற்பண்புகள். ஆயின் ஒரு குறையும் உண்டு. இதன் குண்டு பெரும்பாலும் வெறும் ஈயத்தால் ஆனது. அதன் புறத்தே மெழுகோ கொழுப்போ பூசப்பட்டிருக்கும். சுடுந்தோறும் ஈயத்துகளும், மெழுகும், எரிந்தும் எரியாததுமான மருந்துத் துகளும் ஒன்றாகக் கலந்து கரிய பசையாகப் படிகின்றன. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியில் இத்தொல்லை மிகுதி. அதில் வெடிப்பின் விசையே பின்னுள்ள எஃகுத் துண்டைத் தள்ளித் திறக்கிறது. ‘போல்ட்’ என்று வழங்கும் அத்துண்டு திறக்கும் வழியே புகையும் கரியும் கருவியின் உள்ளே புகுந்துவிடுகின்றன. நாளடைவில் அது தடைப்பட்டு ஓடும்; தோட்டா நடுவழியில் சிக்கும். ஆதலால் இத்தகைய கருவியைத் துடைத்துப் பேணுவது உடையவனின் கடமையாகிறது. கழற்றாமல் முழுதும் துடைத்தல் இயலாது.

இனி நம் கதைக்குரிய மனிதரைச் சந்திப்போம். அவர் பெயர் வில்லியம் ரூகர். 1916இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். இளமையில் அமெரிக்க அரசின் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில் சில காலம் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், பசிபிக் போர்முனையிலிருந்து திரும்பிய வீரர் ஒருவர் வழியாக ஜப்பானிய நம்பு கைத்துப்பாக்கி ஒன்று அவர் கைக்கு வந்தது. அதன் அமைப்பில் மனம் பறிகொடுத்த ரூகர், தம் வீட்டுக் கொட்டகையிலேயே அதனைப் போன்று இரண்டு செய்து பார்த்தார். பின்னர் தச்சுக் கருவிகள் செய்யும் தொழிலொன்றைத் தொடங்கினார். அது நட்டத்தில் முடிந்தது. அவ்வேளையில் அலெக்சாண்டர் ஸ்டர்ம் என்னும் இளம் ஓவியர் 50,000 டாலர் முதலீடு அளிக்க முன்வந்தார். இருவர் பெயரையும் தாங்கிய நிறுவனம் 1949இல் கனெக்டிகட் மாநிலத்தின் சவுத்போர்ட் என்னும் ஊரில் பிறந்தது.

அவர்களுடைய முதற்பொருள், பாயிண்ட் 22 தோட்டாவுக்குரிய ஒரு கைத்துப்பாக்கி. அதற்கு ‘ஸ்டாண்டர்டு’ என்று பெயரிட்டனர். விலை 37 டாலர் 50 சென்ட். ஜான் பிரௌனிங் வகுத்து 1915இல் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட ‘வுட்ஸ்மன்’ போன்ற பழைய கைத்துப்பாக்கிகளைவிட இது மலிவு. அமெரிக்கர் விரும்பி வாங்கினர். முதற்பொருளே நிறுவனத்தை நிலைநிறுத்திவிட்டது. ஆயினும் அவ்வெற்றியை நெடுநாள் காணும் பேறு ஸ்டர்முக்கு இல்லை. அவர் 1951இல், முப்பது வயது நிரம்புமுன்னே காலமானார். துப்பாக்கியின் பிடியில் பதித்திருந்த கழுகுச் சின்னத்தின் செந்நிறம், அவர் நினைவாகக் கருநிறமாக மாற்றப்பட்டது.

இம்மலிவு எங்கிருந்து வந்தது? பழைய முறைப்படி, கைத்துப்பாக்கியின் உடற்சட்டத்தை எஃகுக் கட்டியினின்று கடைந்தும் குடைந்தும் எடுப்பர். அதற்குக் காலமும் கைத்திறனும் மிகுதியாக வேண்டும். ரூகர் வேறு வழி கண்டார். எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி இரு பாதிகள் செய்து, அவற்றை ஒன்றோடொன்று பற்றவைத்துப் பிடியாக்கினார். மேற்பகுதிக்கு எஃகுக் குழாயைப் பயன்படுத்தினார். அக்குழாயினுள்ளே நம்புவைப் போன்றே உருளை வடிவான போல்ட் முன்னும் பின்னும் ஓடுமாறு அமைத்தார். குழலும் குறிபார்க்கும் உறுப்புகளும் ஒரே உடலாய் அசையாது நின்றமையால் குறியும் தவறாது அமைந்தது. இவ்வாறு விலையும் குறைந்தது, தரமும் குன்றவில்லை. இதுவரை எல்லாம் நன்றே.

ஆனால் பற்றவைத்த கூட்டினுள்ளே உள்ளுறுப்புகளை எவ்வாறு நிறுத்துவது? ரூகர் கண்ட வழி நுட்பமானது. பிடியின் முதுகுப்புறத்தில் ஒரு நீண்ட உறுப்பு அமைந்திருக்கும். முதன்மைச் சுருள்வில் அதனுள் அடங்கியிருக்கும். அதன் உச்சியிலிருந்து எழும் ஒரு முளை, மேலுள்ள குழாயின் அடியிற் புகுந்து, போல்ட்டை ஊடுருவி, குழாயின் மேற்புறம் வரை சென்று நிற்கும். அந்த ஒரு முளையே மேற்பகுதியையும் போல்ட்டையும் பிடியோடு பிணைத்து வைக்கும். தனித் திருகாணிகள் வேண்டியதில்லை. தொழிற்சாலைக்கு இதனினும் சிக்கனமான ஏற்பாடு வேறில்லை எனலாம்.

தொழிற்சாலையில் சிக்கனமாக அமைந்தது இல்லத்து மேசைமீது சிக்கலாக மாறியது. கழற்றுவதற்குத் தோட்டா உறையை எடுத்துவிட்டு, உள்ளே தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொள்வர். பின்னர் பிடியின் முதுகில் உள்ள கொக்கியைக் கெம்பித் திறந்து, முளையோடு கூடிய உறுப்பைக் கீழே இழுப்பர். போல்ட் பின்புறமாக வழுக்கி வரும். மேற்பகுதியோ இறுக்கமாகப் பற்றிக்கொண்டிருக்கும். மரச்சுத்தியால் தட்டியே அதனை விலக்குதல் வேண்டும். இவ்வளவும் சில நிமிட வேலை. துடைப்பதும் எண்ணெய் இடுவதும் எளியவையே.

பூட்டத் தொடங்கும்போதுதான் சோதனை வரும். ஊசியை அடிக்கும் சுத்தியலின் பின்னே சிறு தண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். பூட்டும்போது அத்தண்டின் நுனி, சுருள்வில்லின் முனையிலுள்ள குழிவில் சரியாகப் பொருந்தி அமர வேண்டும். அவ்விடமோ கூட்டினுள்ளே, கண்ணுக்கு எட்டாதது. விரலும் புகாது. துப்பாக்கியைச் சற்றே சாய்த்துப் பிடித்து, தண்டு தன் எடையாலேயே ஊசலாடித் தன்னிடத்தை அடையும் என நம்பி, உறுப்பை மூட வேண்டும். சாய்வு பிழைத்தாலோ, சுத்தியல் முற்றும் முன்னே படிந்திராவிட்டாலோ, தண்டு வேறிடத்தில் சிக்கிக்கொள்ளும். வெளித்தோற்றத்திற்கு எல்லாம் செம்மையாகவே இருக்கும். போல்ட்டை இழுத்துப் பார்த்தால்தான் அது பாதி வழியில் நின்றுவிடும். மீண்டும் கழற்று; மீண்டும் சாய்; மீண்டும் மூடு. ஒரு மாலைப் பொழுது இவ்வாறே கழிந்துவிடும்.

ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழியில் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட நாம், இயந்திரக் கையேடுகளில் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு வாக்கியத்தை இங்கே நினைவுகூர்கிறோம். ‘கழற்றிய முறைக்கு எதிர்வரிசையில் பூட்டுக’ என்பதே அது. பெயர்த்தெழுத மிக எளிய வாக்கியம். ஆயின் இக்கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை அது உண்மையன்று. கழற்றும்போது தண்டு இருக்கும் இடத்தைப் பற்றி எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. அது தானாக விலகிவிடும். பூட்டும்போதோ அதுவே எல்லாவற்றுக்கும் மூலமாகிறது. போகும் வழியில் இல்லாத ஒரு படி திரும்பும் வழியில் இருக்கிறது. எதிர்வரிசை என்னும் சொல் அந்தப் படியைக் காட்டாது மறைத்துவிடுகிறது.

இங்கே ஒரு வியப்பைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. இக்கைத்துப்பாக்கி வெளித்தோற்றத்தில் ஜெர்மானிய லூகர் கைத்துப்பாக்கியை ஒத்திருந்தது. மக்கள் இதனை விரும்பியதற்கு அச்சாயலும் ஒரு காரணம். சுவிட்சர்லாந்துப் படை 1900இலும் ஜெர்மானியத் தரைப்படை 1908இலும் ஏற்றுக்கொண்ட அந்த லூகரையோ, கருவி எதுவும் இன்றி, ஒரு சிறு நெம்பைத் திருப்பிக் கழற்றிவிடலாம். சாயல் வந்தது; அந்த எளிமை உடன் வரவில்லை. படைக்காகத் துப்பாக்கி வாங்கும் அரசு, சேற்றிலும் மழையிலும் சிப்பாய் அதனைக் கழற்றித் துடைக்க வேண்டுமே என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்கிறது. கடையில் வாங்கும் தனிமனிதனோ விலையையும் அழகையும் பார்க்கிறான். கையில் எடுத்துக் குறிபார்க்கிறான். கழற்றிப் பூட்டிக் காட்டும்படி கடைக்காரரைக் கேட்பவர் யார்? கேளாத கேள்விக்கு விடை தேட எந்தத் தொழிற்சாலையும் விரைவதில்லை.

ஆண்டுகள் சென்றன. 1982இல் ‘மார்க் 2’ வந்தது. கடைசித் தோட்டா சுட்டபின் போல்ட் திறந்தே நிற்கும் வசதியை அது தந்தது. 2004இல் ‘மார்க் 3’ வந்தது. தோட்டா உறை செருகியிராதபோது சுட இயலாதபடி அதில் ஒரு காப்பு சேர்க்கப்பட்டது. காப்பு என்ற அளவில் அது நல்லதே. ஆயின் சுத்தியலை முன்னே படியச் செய்ய, பூட்டும் வேலையின் இடையிடையே வெற்று உறையைச் செருகவும் எடுக்கவும் வேண்டியதாயிற்று. முன்பே இருந்த சிக்கலோடு புதிய சிக்கலும் சேர்ந்தது. பூட்டுவதை எளிதாக்கும் மாற்று உறுப்புகளைச் செய்து விற்ற சிறு பட்டறைகளும் தோன்றின. பூட்டத் தெரியாமல் உறுப்புகளைப் பையிலிட்டுக்கொண்டு பழுதுபார்ப்பவரை நாடியவர்களும் உண்டு. மீண்டும் பூட்ட முடியாதோ என அஞ்சித் துடைக்காமலே வைத்திருந்தவர்களும் உண்டு. பின்னவர் நிலையே வருந்தத்தக்கது. பேணும் முயற்சியையே அச்சம் தடுத்துவிட்டதன்றோ?

விடிவு 2016இல் ‘மார்க் 4’ வடிவில் வந்தது. அதன் பின்புறத்தில் ஒரே ஒரு பொத்தான். தோட்டா இல்லை என உறுதி செய்து, காப்பு விசையை இட்டு, அப்பொத்தானை அழுத்தினால், முன்னுள்ள கீலில் மேற்பகுதி பெட்டி மூடியைப் போல் சாய்ந்து திறக்கிறது. அப்படியே பிரிந்தும் வருகிறது. பூட்டும்போது கீலில் மாட்டி மூடினால் முடிந்தது. தொங்கும் தண்டைத் தேடி மூடும் தொல்லை அறவே ஒழிந்தது. இம்மாற்றத்தின் அடிப்படையும் தொழில் முறையிலேயே இருந்தது. இரு தகடுகளைப் பற்றவைத்துச் செய்த பிடிக்கு மாறாக, கணிப்பொறி இயக்கும் கடைசல் இயந்திரத்தால் ஒரே உலோகத் துண்டினின்று குடைந்தெடுத்த பிடி இதில் வந்தது. 1949இல் செலவு மிகுந்ததென ஒதுக்கப்பட்ட குடைவு வேலை, 2016இல் இயந்திரத்தின் துணையால் கட்டுப்படியாகும் வேலையாகிவிட்டது. 2002இல் மறைந்த வில்லியம் ரூகர் இதனைக் காண இல்லை.

இவ்வரலாற்றைக் கொண்டு ரூகரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. எளிய வருவாயுடையோரும் வாங்கத்தக்க விலையில் நல்லதொரு கருவியைத் தந்தவர் அவர். ஆயினும் அவ்விலையில் ஒரு பங்கு கடையில் செலுத்தப்படவில்லை. இலட்சக்கணக்கான இல்லங்களில், மாலைப் பொழுதுகளாகச் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட்டது. எந்தக் கணக்கேட்டிலும் அது பதிவாகவில்லை. பதிவாகாத செலவு ஆதலால்தான் அதனைக் குறைக்க 67 ஆண்டுகள் ஆயின.

வட நாட்டில் வாழும் நேயர்களின் பிள்ளைகளுள் மாணவர் படையில் சேர்ந்தவர்கள், ‘கோல்னா, ஜோட்னா’ என்னும் சொற்களை அறிவார்கள். திறத்தல், இணைத்தல் என்பது பொருள். துப்பாக்கிப் பாடத்தில் இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிக்கின்றனர். ஒன்றைக் கற்று மற்றதை விடுவதில்லை. படையினர் கண்ட இந்நெறி நம் இல்லங்களுக்கும் ஏற்றதே. மின்விசிறியாயினும், தையல் இயந்திரமாயினும், மாவரைக்கும் இயந்திரமாயினும், வாங்கும்போது ஓட்டிக் காட்டுமாறு மட்டும் கேட்டு நின்றுவிடாமல், கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டிக் காட்டுமாறும் கேட்போமாக. அக்கேள்வியைப் பலரும் கேட்கத் தொடங்கினால், செய்பவரின் காதிலும் அது ஒருநாள் விழும்.