எஃகும் செராமிக்கும் உரசிய கதை

மெக்கானிக்கல் பிரிவில் படித்தவர்களுக்கு உராய்வு விதிகள் மனப்பாடம். மற்றத் துறை நண்பர்கள் ஒரு பத்தி மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். உராய்வு விசை பளுவுக்கு ஏற்பக் கூடும், தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று 1699-ல் பிரான்சின் அமோன்தோன் சொன்னார். 1785-ல் கூலும் அதை விரிவாக்கினார். 1953-ல் ஆர்ச்சர்டு தேய்மானத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார்: பளுவும் உரசும் தூரமும் கூடினால் தேய்மானம் கூடும், பொருள் கடினமானால் குறையும். உராய்வையும் தேய்மானத்தையும் கவனித்தால் பிரிட்டன் ஆண்டுக்கு 51.5 கோடி பவுன் மிச்சம் பிடிக்கலாம் என்று பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு 1966 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. 'டிரைபாலஜி' என்ற பெயர் பரவியது அதற்குப் பிறகுதான்.

ஆர்ச்சர்டு சூத்திரத்தைப் படிக்கிற மாணவனுக்கு உடனே ஒரு யோசனை வரும். "அப்போ ரொம்பக் கடினமான பொருளாப் போட்டுட்டா தேய்மானமே இருக்காதே சார்?" நல்ல கேள்விதான். 1970-களிலும் 80-களிலும் பெரிய பெரிய பொறியாளர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்கள். பேரிங் செய்கிற குரோமியம் எஃகு (நம் பட்டறைகளில் ஈ.என்.31 என்று கேட்டு வாங்குவது) கெட்டிப்படுத்திய பின் விக்கர்ஸ் அளவில் 700, 800 வரும். சிலிக்கான் நைட்ரைடு 1500-ஐ ஒட்டி வரும். 1985-ல் நிசான் நிறுவனம் அதே செராமிக்கில் டர்போசார்ஜர் சுழலியைக் காரிலேயே மாட்டியது. ரேடியேட்டரே வேண்டாத செராமிக் எஞ்சின் வந்துவிடும் என்றுகூடப் பேசினார்கள். வரவில்லை.

ஏன் என்பதற்கு ஆய்வுக்கூடத்துப் பின்-ஆன்-டிஸ்க் கருவி கொஞ்சம் பதில் வைத்திருக்கிறது. எண்ணெய் விடாமல் சுழலும் எஃகுத் தட்டின்மேல் செராமிக் ஊசியை அழுத்தினால், முதலில் எஃகுதான் நுண்துகளாகப் பெயர்கிறது. துகள் சூட்டில் ஆக்சைடாகி, செராமிக்கின் முகத்திலேயே அப்பிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் எஃகு உரசுவது செராமிக்கோடு அல்ல, தன் சொந்த ஆக்சைடோடு! உராய்வுக் கெழு பெரும்பாலும் 0.5-க்கு மேலே போய் நிற்கும். காற்றின் ஈரப்பதம் மாறினால் அதுவும் மாறும். கையேட்டில் ஒரே ஒரு எண் போட்டிருந்தால் நான் நம்புவதில்லை.

வெப்பமும் ஒரு வில்லன். சிர்க்கோனியா எஃகைப்போல் பத்தில் ஒரு பங்குகூட வெப்பம் கடத்தாது. வேகமாக உரசும்போது சூடு மேல்தோலிலேயே தங்கி விரிசல் விழும். உதிரும் செராமிக் துகள் மணல்போல எஃகை அறுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி கடைசல் கருவிதான். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் நியூகாசிலில் ஜாக்கும், ஜப்பானில் ஓயாமாவும் தனித்தனியே சியாலான் என்ற செராமிக்கைக் கண்டார்கள். அதிலும் சிலிக்கான் நைட்ரைடிலும் செய்த கருவிகள் வார்ப்பிரும்பை வெண்ணெய்போல் வெட்டின. எஃகில் வைத்தாலோ சீக்கிரமே குழி விழுந்தது. வெட்டும் முனையில் சூடு ஆயிரம் டிகிரியை நெருங்கும்போது கருவி எஃகோடு வினைபுரிந்து அதில் கரைந்துபோகிறது. இரும்பில் எளிதில் கரையாத அலுமினாவோ எஃகுக்கு ஈடுகொடுக்கிறது. கடினமானியில் குத்திப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியுமா? வேதியியல் வகுப்பைக் கட் அடித்த நம் ஆட்கள் கவனிக்க.

வேதிவினை எப்போதும் எதிரியும் அல்ல. இரண்டு சிலிக்கான் நைட்ரைடு முகங்களைத் தண்ணீரில் உரசவிட்டால், அவை வினைபுரிந்து தாமே வழுவழுப்பாகி, கெழு 0.002-க்கும் கீழே இறங்குவதை 1987-ல் தோமிசாவாவும் ஃபிஷரும் காட்டினார்கள்.

எஃகும் செராமிக்கும் ஒழுங்காகக் குடித்தனம் நடத்துவது பேரிங்கில்தான். வளையம் எஃகு, குண்டு சிலிக்கான் நைட்ரைடு. அங்கே உருளல்தான் அதிகம், சறுக்கல் கொஞ்சமே. எஃகுக் குண்டுபோல வளையத்தோடு ஒட்டிப் பற்றாது. எடையும் எஃகில் ஐந்தில் இரண்டு பங்குதான், அதனால் மையவிலக்கு விசை குறைவு. விண்வெளி ஓடத்தின் திரவ ஆக்சிஜன் பம்பில் எண்ணெய் விட வழியே கிடையாது. எஃகுக் குண்டுகள் தேய்ந்து தேய்ந்து தொல்லை கொடுத்தன. 1995 ஜூலையில் செராமிக் குண்டு போட்ட புதுப் பம்பு முதன்முதலாகப் பறந்தது.

இன்று இன்வெர்ட்டரில் ஓடும் மோட்டார்களிலும் இதே ஜோடியைப் போடுகிறார்கள். காரணம் உராய்வுகூட இல்லை. தண்டிலிருந்து பேரிங் வழியே கசியும் மின்சாரம் பொறிதட்டி, எஃகுப் பாதையில் வரிவரியாகப் பள்ளம் போட்டுவிடும். செராமிக் குண்டு மின்சாரத்தைக் கடத்தாது, அவ்வளவுதான்.