பட்டியலில் ஏறாத துணி

கிள்ளானுக்கு வடக்கே உள்ள மேருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் இன்று காண்போர், ஒருகாலத்தில் அங்கெல்லாம் பால்மரக் காடு அடர்ந்திருந்தது என்பதை எளிதில் நம்பார். மரங்கள் வீழ்ந்தன, தொழிற்சாலைகள் எழுந்தன, லயத்து வீடுகள் இருந்த மண்ணில் கல் வீடுகள் நிற்கின்றன. ஆயினும், விடியுமுன் பெரட்டுக்களத்தில் விளக்கும் வாளியுமாய் நின்ற தாய்மாரின் பேத்திகள் இம்மண்ணில்தான் வாழ்கின்றனர். அத்தாய்மாரைப் பற்றி எழுதப்படாத ஒரு செய்தி உண்டு. அதனை எழுதவே இக்கட்டுரை.

தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. எத்தனை மரம், எத்தனை ராத்தல் பால், யார் வந்தார், யார் வரவில்லை என்பனவற்றையெல்லாம் கிராணியார் செக்ரோல் புத்தகத்தில் நாள் தவறாமல் பதிந்தார். கடையில் வாங்கிய அரிசிக்கும் உப்புக்கும் கணக்கு. கள்ளுக்கடையில் குடித்த கள்ளுக்கும் கணக்கு. ஆனால், திங்கள்தோறும் நாலைந்து நாள் உதிரப்போக்கோடு நிரை நிரையாய் நடந்து மரம் வெட்டிய பெண், அந்நாள்களில் எதனை உடுத்தினாள், எங்கே அலசினாள், எங்கே உலர்த்தினாள் என்பதற்கு எந்த ஏட்டிலும் ஒரு வரி உண்டோ? இல்லை. அவள் சிந்திய வியர்வைக்குக் கூலி எழுதப்பட்டது. சிந்திய குருதிக்கு ஒரு முழத் துணியும் எழுதப்படவில்லை.

“இலக்கியப் பகுதியில் இத்தகைய பேச்சும் வேண்டுமா?” என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். பூப்பு என்னும் சொல்லைத் தொல்காப்பியம் கற்பியலில் கூசாமல் ஆள்கிறது. தூமை என்று நீங்கள் ஒதுக்கும் அதனிலிருந்தே உங்கள் உடல் உருவாயிற்று என்னும் பொருள்படச் சிவவாக்கியர் பாடிச் சென்றார். பழந்தமிழர் நாணாத இடத்தில் நாம் நாணுகிறோம். அந்த நாணமும் நேர்மையானதன்று. பெண் பருவமடைந்தால் பந்தலிட்டு, அழைப்பு அச்சிட்டு, ஒலிபெருக்கி வைத்து, ஊரறிய மஞ்சள் நீராட்டுகிறோம். அடுத்த மாதம் முதல் அதே செய்தி அப்பன் காதிலும் அண்ணன் காதிலும் விழலாகாது என்கிறோம். விழாவுக்குக் கடன் வாங்கும் வீட்டில், மாதந்தோறும் வேண்டிய பஞ்சுக்குக் காசு கேட்கப் பெண் வாய் திறக்க முடிவதில்லை. இஃது என்ன முறை?

தோட்டத்துப் பெண்ணின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வரிசையாய் அமைந்த லயங்கள், ஒரு குடும்பத்துக்குச் சிற்றறை ஒன்று, பலருக்கும் பொதுவான குழாய், பொதுவான மறைப்பிடம். பழஞ்சேலையைக் கிழித்த துண்டே அவளுக்கு உடை. ஊரில் இருந்தபோது தீட்டு என்று சொல்லிக் குச்சிலில் ஒதுக்கி வைத்தனர். தோட்டத்துக்கு வந்தபின் அவ்வாறு ஒதுங்க இயலுமோ? ஒருநாள் வராவிடின் ஒருநாள் கூலி போயிற்று. எனவே கங்காணியின் அழைப்புக்கு முன் தீட்டு தலைவணங்கியது. ஆயின், அத்தீட்டு அடியோடு அகன்றதா என்றால், இல்லை. வேலைக்குத் தடையாகாத தீட்டு, கோயிலுக்கும் அடுப்புக்கும் மட்டும் தடையாகவே நின்றது. துரைக்கு நட்டம் வரும் இடத்தில் ஆசாரம் வளைந்தது; பெண்ணுக்கு நலம் வரும் இடத்தில் வளைய மறுத்தது.

துணியை உடுத்தியது தீங்கன்று. அதனை ஒளித்ததே தீங்கு. தூய பருத்தித் துணியைச் சவர்க்காரமிட்டு நல்ல நீரில் அலசி, நல்ல வெயிலில் முற்ற உலர்த்தி உடுத்தினால் உடலுக்குக் கேடில்லை. பிறர் கண்ணில் படலாகாது என்று கூரையிடுக்கிலும் பிற துணிக்கு அடியிலும் உலர்த்தினால், ஈரம் போகாது. ஈரத்தில் கிருமி பெருகும். அரிப்பும் புண்ணும் நோயும் தொடரும். காயவைக்கக் கதிரவன் உண்டு, கொடி உண்டு, உரிமை மட்டும் இல்லை. மலாயாவின் வெயிலுக்கு என்ன பஞ்சம்? பஞ்சம் நம் மனத்தில் இருந்தது.

சட்டம் செய்தவர்களும் இதனை நினைக்கவில்லை. சீர்திருத்தம் பேசியவர்களும் நினைக்கவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. நன்று. ஆனால், பருவமடைந்த சிறுமி அப்பள்ளியில் எவ்வாறு அமர்வாள் என்று கேட்டவர் எவர்? இந்திய அரசாங்கத்தின் சார்பில் 1936இல் மலாயாவுக்கு வந்த சீனிவாச சாஸ்திரியார், ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலி தரவேண்டுமென்று பரிந்துரைத்தார். பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு. அவளுக்கென்று உள்ள செலவோ மிகுதி. அந்தக் கணக்கை எவரும் போடவில்லை.

பின்னர் 1941 வந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் தலைநிமிர்ந்து நின்ற ஆண்டு அது. அவர்கள் கேட்டவை இன்றும் நெஞ்சை நிமிர்த்துவன. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கொடிய டிரஸர்களை நீக்கவேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூடவேண்டும், எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழியவேண்டும், துரைக்கு முன் சைக்கிளில் செல்லவும் உரிமை வேண்டும் என்றெல்லாம் கேட்டனர். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. அத்தியாகத்தை நாம் என்றும் வணங்குவோம். எனினும், வணங்கிக்கொண்டே ஒன்று கேட்போம்: சைக்கிளுக்கு இடமிருந்த பட்டியலில், தோட்டத்துப் பெண்கள் திங்கள்தோறும் தவித்த ஒரு துணிக்கு ஏன் இடமில்லை? கேட்கத் தலைவர்களுக்கு நெஞ்சுரம் இல்லாமையால் அன்று. துப்பாக்கிக்கே அஞ்சாதவர்கள் அவர்கள். அத்தேவை அவர்கள் காதுக்கு எட்டியதே இல்லை. வீட்டில் பேசப்படாதது, மேடையில் எவ்வாறு பேசப்படும்?

இம்மௌனம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1914இல் மூண்ட உலகப் போரில் பருத்திப் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மரக்கூழிலிருந்து செய்த ஒருவகைப் பஞ்சு, காயங்களுக்குக் கட்டுப்போடப் பயன்பட்டது. போர்க்கள மருத்துவமனைச் செவிலியர் அதனையே தம் மாதவிலக்குக்கும் பயன்படுத்திக்கொண்டனர். போர் முடிந்ததும் மீந்த பஞ்சை என்செய்வது என்று திகைத்த அமெரிக்கக் கம்பெனியார், 1920இல் அதனைக் கோடெக்ஸ் என்னும் பெயரில் அணையாடையாக விற்கத் தொடங்கினர். விற்றவர்க்கும் வெட்கம், வாங்கியவர்க்கும் வெட்கம். கடைக்காரரிடம் வாய் திறவாமல் காசைப் போட்டுவிட்டு எடுத்துச் செல்லப் பெட்டியொன்று வைக்க நேர்ந்தது. செல்வம் கொழித்த நாட்டிலேயே இந்நிலை என்றால், லயத்துப் பெண் யாரிடம் வாய் திறப்பாள்?

வாய் திறந்த ஒருவரின் கதையைச் சொல்வோம். கோயமுத்தூரில் பட்டறைத் தொழில் அறிந்த அருணாசலம் முருகானந்தம் 1998இல் மணம் புரிந்தார். மனைவியார் கந்தலை ஒளித்து எடுத்துச் செல்வதைக் கண்டு காரணம் கேட்டார். கடையில் அணையாடை வாங்கினால் பால் வாங்கும் காசில் கைவைக்க நேரும் என்றார் அவ்வம்மையார். இந்த ஒரு விடையே அம்மனிதரை ஆட்டிப் படைத்தது. பஞ்சில் செய்து பார்த்தார், பயன்படவில்லை. சோதித்துச் சொல்லப் பெண்கள் நாணினர். ஆகவே, பந்தின் உட்பையில் ஆட்டுக் குருதியை நிரப்பித் தம் உடலிலேயே கட்டிக்கொண்டு சோதித்தார். ஊர் நகைத்தது, மனைவியும் தாயும் பிரிந்து சென்றனர். ஆண்டுகள் சில சென்றபின்னரே, பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது வெறும் பஞ்சன்று, மரக்கூழ் இழை என்று கண்டார். அந்த இழையை உதிர்த்து, அழுத்தி, உறையிட்டு, தூய்மை செய்யும் எளிய பொறிகளை அமைத்தார். அவற்றைக் கோடீசுவரர்களுக்கு விற்றாரல்லர். பெண்கள் தாமே செய்து தாமே விற்கும்படி மகளிர் குழுக்களுக்குத் தந்தார். பிரிந்த மனைவியார் மீண்டு வந்தார். 2016இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. ஒரு கேள்வியும் அதற்கு உண்மையான ஒரு விடையும் செய்த வேலை இது.

அரசாங்கங்களும் மெல்லக் கண் விழித்தன. இந்திய அரசாங்கம் 2011இல் கிராமப் பெண்களுக்கு ஆறு அணையாடை ஆறு ரூபாய் என்று தரும் திட்டம் வகுத்தது. தமிழ்நாடு 2012இல் ‘புதுயுகம்’ என்னும் பெயரில் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு விலையின்றியே தந்தது. ஆனால், ஒரு கை கொடுக்க மறு கை பறித்த விந்தையையும் காண்க: 2017இல் இந்தியாவில் சரக்கு சேவை வரி வந்தபோது குங்குமத்துக்கும் கண்ணாடி வளையலுக்கும் வரியில்லை, அணையாடைக்கோ 12 விழுக்காடு! பெண்ணை அலங்கரிப்பது புண்ணியம், அவள் நலம் பேணுவது ஆடம்பரம் என்பதன்றோ இதன் பொருள்? கண்டனம் எழுந்தது, 2018 ஜூலையில் அவ்வரி நீங்கிற்று. கென்யா 2004ஆம் ஆண்டிலேயே அத்தகைய வரியை நீக்கியது. 2017இல் பள்ளிச் சிறுமியர்க்கு இலவசமாகத் தருவதைச் சட்டமாக்கியது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2020 நவம்பரில், வேண்டுவோர் அனைவர்க்கும் விலையின்றிக் கிடைக்கச் சட்டம் இயற்றியது.

நம் நாட்டிலும் 2015இல் பொருள் சேவை வரி வந்தபோது அணையாடைக்கு 6 விழுக்காடு விதிக்கப்பட்டு, 2018இல் நீங்கியது. 2020இல் பெருந்தொற்று வந்தது, நடமாட்டம் அடங்கியது, நாட்கூலிக் குடும்பங்களின் வருவாய் நின்றது. அரிசியா, அணையாடையா என்ற கேள்வி எழும் வீட்டில் அரிசியே வெல்லும்; வெல்லத்தான் வேண்டும். 2021 அக்டோபர் 29ஆம் நாள் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், பி40 என்னும் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 1,30,000 பள்ளிச் சிறுமியர்க்கு மாதந்தோறும் அணையாடை முதலிய தூய்மைப் பொருள்கள் இலவசமாகத் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 1941இன் பட்டியலில் ஏறாத துணி, எண்பது ஆண்டு கழித்து நாட்டின் கணக்கில் ஏறிற்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. “அணையாடை தந்தால் பிள்ளைகள் பள்ளிக்குத் தவறாமல் வருவர், ஆகவே தருவோம்” என்று பலர் வாதிக்கின்றனர். நல்லெண்ணமே, ஆனால் வாதம் வலுவற்றது. நேப்பாளத்தில் எமிலி ஓஸ்டர், ரெபெக்கா தார்ன்டன் என்னும் இரு பொருளியல் அறிஞர் சிறுமியர்க்கு மாதவிலக்குக் கிண்ணம் தந்து சோதித்து, முடிவை 2011இல் வெளியிட்டனர். மாதவிலக்கினால் சிறுமியர் பள்ளிக்கு வராத நாள், 180 நாள் கொண்ட ஆண்டில் அரைநாள்கூட இல்லை. கிண்ணம் தந்ததால் வருகை கூடவுமில்லை. அப்படியாயின் தருவது வீணா? வீணன்று. துணி துவைக்கும் நேரம் அவர்களுக்கு மிஞ்சிற்று என்பதையும் அதே ஆய்வு கண்டது. சிறுமியர் நம் பாட்டிமாரைப் போன்றே, வலியோடும் அச்சத்தோடும் கறைபடுமோ என்னும் கவலையோடும் வந்து அமர்ந்துவிடுகின்றனர். வந்துவிட்டாள் என்பதனால் துன்பமில்லை என்று பொருளாகுமா? வருகையை மட்டும் எண்ணித் தானம் செய்பவர், அறியாமலே பழைய செக்ரோல் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார். பெண்ணின் நலத்துக்கு வேறொரு பயன் காட்டிச் சமாதானம் சொல்லத் தேவையில்லை. அவள் நலமே பயன்.

எனவே, ஆலயத்திலும் சங்கத்திலும் பள்ளியிலும் இத்தொண்டு செய்ய முன்வரும் அன்பர்களே, கொடுக்குமுன் கேளுங்கள். அவளுக்கு வேண்டியது ஒருமுறை உடுத்தி எறிவதா, துவைத்து உடுத்தும் துணியணையா என்று அவள் சொல்லட்டும். மேடையில் நிறுத்திப் படமெடுத்துக் கொடாதீர்கள். பள்ளி மறைப்பிடத்தின் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, குழாயில் நீர் வருகிறதா, எறிவதற்கு மூடியுள்ள தொட்டி உண்டா என்று பாருங்கள். நீரும் தாழும் இல்லாத இடத்தில் அணையாடை பாதி உதவியே. மாதந்தோறும் வருவதற்கு ஆண்டுக்கொருமுறை கொடுத்து ஓய்ந்துவிடாதீர்கள். சிறுமிக்கு மட்டுமன்றி, அவள் உடன்பிறந்தானுக்கும் பாடம் சொல்லுங்கள்.

தந்தைமார்க்கு ஒரு சொல். அடுத்த மாதம் கடைக்குப் போகும்போது அரிசி, பருப்பு, சவர்க்காரம் என்று எழுதும் சீட்டில் இதனையும் எழுதுங்கள். மகளையே எழுதச் சொல்லுங்கள். செய்தித்தாளில் சுற்றிக் கள்ளப்பொருள்போல் கொண்டுவராமல், பருப்போடு பருப்பாய்க் கொண்டுவந்து வையுங்கள். துவைத்த துணியாயின் முற்றத்துக் கொடியில் வெயில் படக் காயட்டும். நம் பாட்டி இருளில் ஒளித்தாள். நம் பேத்தி வெயிலில் உலர்த்தட்டும்.