ஓரிக்குப் பின்: கொல்லிமலையும் ஒரு சேம அச்சும்

சங்கச் சான்றோர் பாடிய மலைகளுள் கொல்லி பெற்ற பாட்டும் பெருமையும் மிகுதி. இன்று நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிச் செல்லும் இம்மலையில், ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. வில்வித்தைப் போட்டியும் அதில் உண்டு. ஓரி ஆண்ட காலத்தைப் பற்றிப் புறநானூறு விரிவாகப் பேசுகிறது. அவன் வீழ்ந்த மறுநாள், அவனை அண்டி வாழ்ந்த பாணரும் விறலியரும் எந்த வழியில் நடந்தனர் என்பதை மட்டும் எந்தப் பாட்டும் சொல்லவில்லை. புரவலனை இழந்த கலைஞன் பின்னர் என் செய்வான்? கவிஞர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா இது.

ஓரியைப் பாடிய புறப்பாடல்கள் 3. வன்பரணர் பாடியவை 152, 153 ஆகியன. கழைதின் யானையார் பாடியது 204. முதற்பாட்டில் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஊடுருவிச் செல்கிறது. எய்தவன் யார் என்று தெரியாமலே பாணர் கூட்டம் அவன்முன் பாடுகிறது. அவனோ தன் பெயரைக் கூறாமலே ஊனும் தேறலும் தந்து, மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறான். இரண்டாம் பாட்டு இன்னும் வியப்பானது. ஓரியிடம் சென்ற சுற்றத்தார் பசி என்பதையே அறியாதவராகி, ஆடவும் மாட்டாராய்ப் பாடவும் மறந்துவிட்டனராம். வள்ளன்மைக்குச் சொல்லப்பட்ட புகழ்ச்சிகளுள் இதனினும் அழகியது அரிது. ஆயினும் இதில் ஒரு கலைஞனை நடுங்கச் செய்யும் செய்தியும் அடங்கியிருக்கிறது.

முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான். இதனை அகநானூறு 209-இல் கல்லாடனார் பதிவு செய்கிறார். பாரி மறைந்தபோது கபிலர் அழுதார். அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது ஔவையார் அழுதார். ஆய் அண்டிரனுக்கும் கையறுநிலைப் பாடல்கள் உள்ளன. இன்று கிடைக்கும் புறநானூற்றில் ஓரிக்கு ஒரு கையறுநிலையும் இல்லை. பாடல் மறந்தோர் துயரத்திலும் பாடவில்லையா, பாடியது ஏடு ஏறவில்லையா என்பதை இனி எவர் கூறுவர்?

அவன் சாவின் ஓசை கேட்பது ஓர் அகப்பாட்டில். காரி ஓரியைக் கொன்று அவன் பெருந்தெருவில் புகுந்தபோது ஊர் எழுப்பிய ஆரவாரம் நற்றிணை 320-இல் உவமையாக வருகிறது. ஒருத்தி தெருவில் நடந்து சென்றதால் ஊரில் எழுந்த பேச்சுக்குத்தான் அந்த உவமை! பாடியவர் கபிலர். காரியைப் புறநானூற்றில் 121 முதல் 124 வரை பாடியவரும் அவரே. பாரிக்காக நெஞ்சு உடைந்தவருக்குக் கொல்லியின் துயரம் உவமை அளவில் நின்றது. இதனைக் குறையாகக் கொள்ளுதல் முறையன்று. புலவனின் கண்ணீருக்கும் ஓர் எல்லை உண்டு.

அக்கபிலரின் வாழ்வே, தலைவனை இழந்த துணைவன் எவ்வாறு அவன் சுமையை ஏற்கிறான் என்பதற்குத் தலையாய சான்று. பாரியோடு தாமும் சாக விரும்பியவர் அவர். உடன்வர விடாமல் தம்மைப் பின்னே நிறுத்திவிட்டான் என்று இறந்தவனிடமே 236-ஆம் பாட்டில் சினந்துகொள்கிறார். நிறுத்தப்பட்டதற்குக் காரணம் பாரியின் மகளிர். அவர்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்றார். இருங்கோவேளிடம் தம்மைத் தந்தையின் தோழன் எனக் கூறிய அவர், அடுத்த மூச்சிலேயே அம்மகளிரைத் தம் மகளிர் என்றார். தோழன் தந்தையாகும் இடம் இதுவே. இருங்கோவேள் மறுத்தான். பின்னர் அவர்களைப் பார்ப்பார்பால் சேர்த்து வடக்கிருந்தார் என்கிறது புறநானூற்றுக் குறிப்பு. பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீயில் புகுந்தார் என்கிறது முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டு. முடிவைப் பற்றி இரண்டும் மாறுபடினும், கடன் முடியும்வரை அவர் தம் துயரத்தை ஒத்திவைத்தார் என்பதில் மாறுபாடில்லை.

கொல்லியின் வீழ்ச்சி கொல்லியோடு நிற்கவில்லை. பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் இருபெரு வேந்தரையும் வென்று, தகடூரை அழித்தான் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் உரைக்கிறது. அஞ்சி வீழ்ந்தபோது ஔவையார், இனிப் பாடுவாரும் இல்லை, பாடுவார்க்குக் கொடுப்பாரும் இல்லை என்று கதறினார் (235). அவரே அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை முன்னர் ஓர் எளிய பொருளோடு ஒப்பிட்டிருந்தார் (102). உப்பு வணிகரின் வண்டியில் பாரம் மிகுதி, எருதுகளோ இளையன, வழியில் பள்ளமும் வரும், மேடும் வரும். ஆதலால் அச்சின் கீழ் இன்னோர் அச்சைக் கட்டிவைப்பர். அதுவே சேம அச்சு. முன்னுள்ள அச்சு முறியும்வரை அதன் பெயரை எவரும் எடுப்பதில்லை. வழித்தோன்றலைக் குறித்து இதனினும் உண்மையான உவமை தமிழில் உண்டா என்பது ஐயமே.

தகடூருக்கு அத்தகைய அச்சு இருந்தது. கொல்லிக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஓரிக்குப் பின் அவன் குடியில் எவரும் பாடப்படவில்லை. மலை வாளின் வழியே சேரர்க்குப் போயிற்று. ஆனால் ஓரி வகித்த இடம் மலையோடு போகவில்லை. அது பாட்டின் வழியே வேறிடம் சென்றது.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் வள்ளல்கள் எழுவரை வரிசைப்படுத்துகிறார். காரியோடு பொருத ஓரி அதில் வருகிறான். அவனைக் கொன்ற காரியும் அதே வரிசையில் வருகிறான். பகைவர் இருவரையும் பாட்டு ஓரிடத்தில் அமரச் செய்துவிட்டது. எழுவர் தாங்கிய ஈகை என்னும் நுகத்தை இப்போது ஓய்மானாட்டு நல்லியக்கோடன் தனியொருவனாகத் தாங்குகிறான் என்று முடிக்கிறார் புலவர். ஔவையார் அச்சைக் காட்டினார். இவர் நுகத்தைக் காட்டுகிறார். இரண்டும் வண்டியின் உறுப்புகளே. நல்லியக்கோடனை எழுவரின் வழித்தோன்றலாக்கியது குருதியன்று, பாட்டே.

பெருஞ்சித்திரனார் 158-ஆம் பாட்டில் செய்தது இன்னும் துணிவானது. கொல்லியாண்ட ஓரி உள்ளிட்ட எழுவரும் மாய்ந்தபின், இரப்போரின் துன்பத்தைத் தீர்ப்பவன் நீ என்று கேட்டு விரைந்து வந்தேன் என முதிரமலைத் தலைவன் குமணனிடம் கூறுகிறார். அது புகழ்மொழி மட்டுமன்று. இறந்தவர்களின் பெயரைச் சொல்லி, உயிரோடிருப்பவன் தோளில் பாரத்தை ஏற்றும் செயல். குமணன் அதனை ஏற்றான். பின்னர் நாடிழந்து காட்டில் இருந்தபோதும், கொடுப்பதற்கு வேறொன்றும் இன்மையால் தன் தலையையே பரிசிலாகக் கொள்ளுமாறு பெருந்தலைச் சாத்தனாரிடம் வாளை நீட்டினான் (165).

இனி வன்பரணரிடம் திரும்புவோம். ஓரிக்கு இரங்கல் பாடியதாக எதுவும் எஞ்சாத அவர் பெயரில், 255-ஆம் பாட்டாக ஒரு முதுபாலை உள்ளது. கணவனின் உடலருகே நிற்பவள், வாய்விட்டு அழுதால் புலி வருமோ என அஞ்சுகிறாள். அவனைத் தூக்க முயன்றால் அகன்ற மார்பு அவளால் எடுக்கக்கூடியதாக இல்லை. என் கையைப் பற்றிக்கொண்டு மலைநிழல்வரை சிறிது நட என்று இறந்தவனை வேண்டுகிறாள். பாட்டில் பெயரில்லை, மலையின் பெயரும் இல்லை. அது கொல்லியைப் பற்றியது என்று கூறச் சான்றில்லை, கூறவும் கூடாது. ஓரியைப் பாடிய வாயிலிருந்து பெயரற்ற ஒருத்தியின் துயரம் இத்தனை நெருக்கமாக வெளிப்பட்டது என்ற அளவில் நிற்பதே நேர்மை.

குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் சொன்னது 163-ஆம் பாட்டில் உள்ளது. உன்னை விரும்புவோர்க்கும் நீ விரும்புவோர்க்கும் சுற்றத்தார்க்கும் கடன் தந்து உதவியவர்க்கும் கொடு, இன்னார்க்கு என்று பாராதே, என்னிடமும் கேளாதே, நாம் வளமாக வாழலாம் என்று சேர்த்தும் வைக்காதே, எல்லார்க்கும் கொடு என்கிறார். ஓரி பெயர் கூறாமல் கொடுத்த பொன், பெயர் தெரியாத அவ்விற்கிழத்தியின் கைவழியே அன்று அண்டை வீடுகளுக்குச் சென்றது.